கண்ணாடிக்கு வைத்த பொட்டு

— ஏனுங்க, ஒரு பொட்டுத்தானுங்களே! அதுக்கா இப்படித் தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டீங்க?

— பொட்டு வெச்சதுல ஒண்ணுமில்ல பத்மா. இன்னைக்குக் காலைல பூசை முடிஞ்சு நைனா அதைத் தொடைச்சாரு பாரு, அதான். லேத்துத் தொடைக்கற பஞ்சு வேஸ்ட்டுல தொடைச்சுப்போட்டாரு. அதுல பூராவும் இரும்புத்தூளு. டெலஸ்கோப்புக் கண்ணாடி முச்சூடும் கீறல்.

— மறுக்கா இழைச்சா ஆகாதுங்களா?

— ஆகும், மாசக்கணக்காகும். அந்த அமெரிக்காப் புரபசர் நாளைக்கே கணபதிக்கு, நம்ம பட்டறைக்கே வர்றாரு. நான் கையால இழைச்ச கண்ணாடியப் பாத்துத்தான் என்னை அங்க கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிப்போட்டாரு. மறுக்கா எங்க வரப்போறாரு?

— தொடாதீங்கன்னு மாமாகிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்க.

— தொடுவாருன்னு ஆருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் லேத்துக்கு வெப்பாரு, மோட்டாருக்கு வெப்பாரு, செயின் அறுந்த சைக்கிளுக்குக்கூடப் பொட்டு வெப்பாரு. என்ர கண்ணாடிய மட்டும் தாண்டிப் போயிருவாரு. சோறு போடாத சாமானும்பாரு. எனக்கு அது அத்தனை வலிக்கும்.

— நேத்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னாருங்க. ‘ருஷ்யாக்காரன் மனுசனையே மேல அனுப்பிப்போட்டான் அம்மணி. எம்பையன் டெலஸ்கோப்பையே காத்துக்கு மேல ஏத்தப் போறான். புதுசாப் பொறக்கற நட்சத்திரத்துல கண்ணுக்கு அம்படாத ஒரு வெளிச்சமிருக்குதாம். கீழ வர்றதுக்குள்ள காத்து அதைக் குடிச்சுப்போடுதாம். மேல போனாத்தான் சிக்குமாம். அப்பேர்ப்பட்ட கண்ணாடிக்குப் பொட்டு வெக்காம அனுப்பறதா?’ அப்படீன்னாரு.

— நைனாவா சொன்னாரு? நான் சொல்றப்பவெல்லாம் தூங்கற மாதிரியில்ல கெடந்தாரு!

— உங்க பேச்சுல ஒண்ணு உடலீங்க. சொல்றப்பவே கண்ணு கலங்கிப்போச்சு.

— பத்மா, கீறலைப் பத்தி அவருகிட்ட மூச்சு உடாத. தன் கையாலதான் கெட்டுதுன்னு தெரிஞ்சா மனுசன் தாங்கமாட்டாரு. பட்டறையே போதும்னு நான் சொல்லிக்கறேன். நட்சத்திரம் எனக்கில்லீன்னு ஆயிப்போச்சு, பட்டறையாவது இருக்குதல்ல.

— மெதுவாப் பேசுங்க, மாமா வர்றாங்க.

— ஏன் கண்ணு, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது?

— நான் அமெரிக்கா போகலீங்க நைனா. பட்டறைய உட்டுட்டுப் போக மனசு வரலீங்க. நீங்க ஒருத்தரு எப்படிப் பாப்பீங்க?

— அட, இதுக்கா? அந்தக் கவலைய உடு கண்ணு. நீ பின்னால திரும்பிப் பாக்காமப் போகோணும்னுதான், மத்தியானமே சூலூரு அங்கப்பனுக்குப் பட்டறைய எழுதிக் குடுத்துப்போட்டு வாரேன்.