மழை நாளில் வெயில் எச்சரிக்கை

...இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க. வெளிய மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. உங்க ஷூவுல இருந்து தண்ணி சொட்டுது. இந்த நேரத்துல ஊர்ல இருக்கிற ஃபோன் எல்லாம் ஒண்ணா அடிச்சு, "கடும் வெயில், வெளியே வராதீர்கள், நிறைய தண்ணீர் குடியுங்கள்"னு சொன்னா மனுசன் என்ன நினைப்பான்? காறித் துப்ப மாட்டான்? அதுவும் யார் குரல்ல? என் குரல்ல. ஆமா தம்பி, அது நான்தான். அப்படிப் பாக்காதீங்க. நேர்ல கொஞ்சம் கரகரப்பா இருக்கும், பதிவு பண்ணப்ப வெந்நீர் குடிச்சுட்டுப் பேசினேன்.

மாடிச் சாவியா? தரேன் தரேன். இப்ப மாடிக்குப் போனா வழுக்கும். உங்க கம்பெனி மிஷினைப் பாக்க வந்துட்டு நீங்க விழுந்து வச்சா அதுக்கும் நான்தான் வண்டி சொல்லணும். உக்காருங்க. டீக்கு பாய்லரைப் போட்டிருக்கேன், கொதிக்கட்டும். மேல பெரிய மேடம் ரூம்ல மீட்டிங் வேற நடக்குது, அவங்களுக்கும் அனுப்பணும்.

வாசல் போர்டைப் பாத்திருப்பீங்களே. சுகாதாரம், பருவநிலை, மீள்திறன். மூணுக்கும் தனித்தனி ரூம், தனித்தனி ஏசி, தனித்தனியா கோவம். உதவிக்கு ஆள்னு பாத்தா மூணுக்கும் சேத்து நான் ஒருத்தி. சுகாதாரத்துக்கு டாக்டரம்மா. கையுறை தீந்துபோச்சு, உப்புக் கரைசல் பாக்கெட் எங்கன்னு காலைல ஆரம்பிச்சுடுவாங்க. மீள்திறனுக்கு ஒரு சார். மீள்திறன்னா என்னங்க சார்னு வந்த அன்னிக்கே கேட்டேன். படம் எல்லாம் போட்டு மதியச் சாப்பாடு வரைக்கும் விளக்கினாரு. கடைசில பாத்தா, விழுந்தா எந்திரிக்கிறது. அவ்வளவுதான் தம்பி. அதுக்கு ஒரு டிபார்ட்மெண்ட். அந்த சாரோட நாற்காலிச் சக்கரம் ஒருநாள் கழண்டுக்கிச்சு. தரையில கிடந்தவரை நானும் டிரைவரும்தான் தூக்கி நிறுத்தினோம். எந்திரிக்கிறதைப் பத்தி அன்னிக்கு அவரு ஒண்ணும் பேசல.

பருவநிலைக்கு ஒரு சின்னப் பொண்ணு. எந்நேரமும் கம்ப்யூட்டர்ல கோடு கோடா பாத்துக்கிட்டே இருக்கும். சாப்பிட்டியான்னு கேட்டா, எதைன்னு கேக்கும். இந்த ஆபீஸ்ல என்னை ஆன்ட்டின்னு கூப்பிடாம அக்கான்னு கூப்பிடுற ஒரே ஜீவன். இந்த வெயில் எச்சரிக்கை அது பெத்த பிள்ளை. மாடியில உங்க கம்பெனி பெட்டி, வெள்ளையா, புறாக்கூடு கணக்கா இருக்கும்ல, அது சூட்டை அளக்கும். அளவு தாண்டுச்சா, யாரையும் கேக்காது. நேரா ஊர் பூரா என் குரலை அனுப்பிடும். இது உங்களுக்குத் தெரியாதா, உங்ககிட்டயே சொல்லிக்கிட்டிருக்கேன் பாருங்க. ஆனா அதுக்கப்புறம் நாங்க படுற பாடு உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூட ஹாலைத் திறக்கணும், ஃபேன் எல்லாம் போடணும், டிரம்ல தண்ணி நிரப்பணும், வயசானவங்களை வண்டி வச்சுக் கூட்டிட்டு வரணும். எல்லாம் யாரு? சரி விடுங்க.

எங்க வீட்டுக்காரரு இருக்காரே, "வீட்டுல பேசுறது பத்தலைன்னு ஃபோன்லயுமா"ன்னு கேட்டாரு. என் தங்கச்சி அதுக்கும் மேல. "அக்கா, நீ இவ்வளவு மரியாதையா பேசி நான் கேட்டதே இல்லை, திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்குறேன்"ங்கிறா.

சிரிக்காதீங்க. போன கோடையில நடந்ததைக் கேட்டா சிரிக்க மாட்டீங்க. பின்தெருவுல ஒரு தையல்காரர், தனி ஆள். தைச்சுக்கிட்டு இருக்கும்போதே மிஷின் மேலயே சாஞ்சுட்டாரு. அந்த நேரம் பாத்து எச்சரிக்கை வந்திருக்கு. தனியா இருக்கிறவங்களை எட்டிப் பாருங்கன்னு அதுல ஒரு வரி சொல்லுவேன். எதிர்வீட்டம்மா அதைக் கேட்டுட்டு எட்டிப் பாத்திருக்காங்க. தூக்கிட்டு ஓடினாங்க, பொழச்சுக்கிட்டாரு. இப்பவும் என்னைத் தெருவுல கண்டா அந்த மனுசன் எந்திரிச்சு நிக்கிறாரு. எனக்கு என்னவோ போல ஆயிடும் தம்பி. ஒருத்தர் எந்திரிச்சு நிக்கிற அளவுக்கு நான் என்ன பெரிய ஆளா?

அப்படிப்பட்ட குரல் இப்ப சந்தி சிரிக்குது. மழைக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து இதே கூத்து. மொதநாள் எல்லாரும் நம்பிட்டாங்க. குடையைப் பிடிச்சுக்கிட்டு பாட்டி தாத்தா எல்லாம் ஹாலுக்கு வந்து, நனைஞ்ச துணியோட ஃபேனுக்குக் கீழ நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. டாக்டரம்மா ஆளுக்கொரு டம்ளர் உப்புக் கரைசல் குடுத்தாங்க. மறுநாள் அத்தனை பேரும் ஜலதோஷத்தோட அவங்ககிட்டயே திரும்பி வந்தாங்க. மீள்திறன் சார் மட்டும் சந்தோசமா இருந்தாரு. மக்கள் பங்கேற்பு கூடியிருக்குன்னு ரிப்போர்ட் எழுதிட்டாரு.

இப்ப யாரும் வர்றதில்லை. ஃபோன் அடிச்சா என் குரலைக் கேக்காமலே கட் பண்ணிடுறாங்க. காய்கறிக்காரரு என்னைப் பாத்து, "என்னம்மா, இன்னிக்கு எவ்வளவு வெயில்"னு கேக்குறாரு. கையில குடை இருக்கு அவருக்கு.

அந்தப் பொண்ணு ராத்திரி பகலா உக்காந்து ஆராய்ச்சி பண்ணிச்சு. கண்டும் பிடிச்சிருக்கு. காலைல ஒரு தடவை சூடு ஏறுதாம், சாயங்காலம் ஒரு தடவை ஏறுதாம். ஞாயித்துக்கிழமை ஏறவே மாட்டேங்குதாம். உலகத்துல வேற எந்த ஊர்லயும் வெயில் இப்படி லீவு எடுக்கிறதில்லையாம். "இரட்டை உச்சம்"னு பேரு வச்சிருக்கு. தூரத்துல ஏதோ பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு பேராசிரியர் பாராட்டி எழுதியிருக்காராம். சொல்லும்போது அது கண்ணு ரெண்டும் பளபளன்னு இருந்துச்சு. போன வாரம் பணம் குடுக்கிற பெரிய ஆளுங்க வந்தாங்களே, அன்னிக்கு மட்டும் நாலு தடவை ஏறிச்சு. அதுக்கும் ஒரு விளக்கம் வச்சிருக்கு, எனக்குப் புரியல.

ஆனா பெரிய மேடத்துக்கு அது எடுபடல. இன்னிக்குள்ள காரணம் தெரியலைன்னா எச்சரிக்கையை மொத்தமா நிறுத்திடுவோம், பொண்ணும் மூட்டையைக் கட்டலாம்னுட்டாங்க. மேல நடக்கிறது அந்த மீட்டிங்தான். பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டேதான் படியேறிப் போச்சு. எச்சரிக்கையை நிறுத்திட்டா, நாளைக்கு நிஜமாவே வெயில் கொளுத்துறப்ப யாரு சொல்லுவா? எந்தத் தையல்காரர் எங்க சாஞ்சு கிடக்காரோ. அதுக்குத்தான் உங்க கம்பெனிக்கு நானே ஃபோன் போட்டேன். மிஷின்ல கோளாறு, உடனே ஆளை அனுப்புங்கன்னு நல்லா நாலு வார்த்தை கேட்டேன்.

அட, மறுபடியும் சாவியா? மாடியில என்ன இருக்கு, வெறும் கம்பிதான் நிக்குது. பெட்டியா? பெட்டி அங்க இல்லையே. நீங்க மாடிக்குப் போகணும்னுதானே கேட்டீங்க, பெட்டியைப் பாக்கணும்னு கேட்டீங்களா?

அதை நான் மொத மழைக்கே இறக்கிட்டேன். பின்ன? போன வருசம் டாக்டரம்மாவோட எடை மிஷின் வராண்டாவுல நனைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கைக்குழந்தையைத் தூக்கி வச்சா நாப்பது கிலோ காட்டுது. தாய்மாருங்க பயந்துட்டாங்க. திட்டு யாருக்கு விழுந்துச்சு? அதான் இந்தத் தடவை நானே ஏணி போட்டு ஏறி, இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஏறி, சேலைத் தலைப்பால பொத்திக் கொண்டுவந்தேன். யாருகிட்டயும் சொல்லிக்கல, இதெல்லாம் சொல்லிக்காட்டுற விசயமா? பெட்டி எப்படி இருக்குன்னு அந்தப் பொண்ணு கூட கேட்டுச்சு. ரொம்பப் பத்திரமா இருக்குன்னேன். பொய்யா? அதோ, உங்க தலைக்கு மேல பாருங்க. பாய்லருக்கு நேர் மேல பலகை. ஈரம் பட்டிருந்தா காயட்டும்னு கதகதப்பா இடம் பாத்து வச்சேன். பேட்டரிதானே, லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அங்க என்ன நாள் பூராவுமா அனல் அடிக்குது? டீ போடுறப்ப மட்டும்தான். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு...

என்ன தம்பி, பெட்டியைப் பாக்குறீங்க, பாய்லரைப் பாக்குறீங்க, என்னைப் பாக்குறீங்க.

உங்க ஃபோன் அடிக்குது. என்னுதும் அடிக்குது. எடுக்காதீங்க, நான்தான் பேசுவேன்.

...

ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு. அந்தப் பெரிய ஆளுங்க வந்த அன்னிக்கு நாலு தடவை டீ போட்டேன்.

ஏன் தம்பி, நீங்களும் எவ்வளவு நேரமா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? ஒருத்தி பாட்டுக்குப் பேசிக்கிட்டே போனா குறுக்க ஒரு வார்த்தை கேக்க வேணாமா? அப்புறம், நான் மட்டுமா? டீ குடிச்ச அத்தனை பேருக்கும் இதுல பங்கு இருக்கு. டாக்டரம்மா சாயங்காலம் ரெண்டு கப் குடிப்பாங்க. சார் சர்க்கரை வேற மூணு ஸ்பூன்.

சரி. பாய்லரை அணைச்சாச்சு. பெட்டியை நீங்களே எடுங்க, இனி நான் தொடல. வாங்க, மேல போவோம். நான்தான் இறக்கினேன்னு நானே சொல்லிடுறேன். அதுல ஒண்ணும் இல்லை, திட்டு எனக்குப் பழகினது. பொண்ணு மேல தப்பில்லை, எச்சரிக்கையை நிறுத்த வேணாம், அது போதும் எனக்கு. என்ன பேசணும்னு நீங்க யோசிக்கவே வேணாம், எல்லாம் நான் பேசிக்கிறேன்.

ஒண்ணே ஒண்ணு தம்பி. அந்த இரட்டை உச்சம் டீதான்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து என்னால சொல்ல முடியாது.