கிணற்று வாயில் கிடந்த செருப்பு பற்றி மதகுக்காரனின் முன்னாள் மாமியார் சொன்னது

என் பெயரும் என் அப்பா பெயரும் அட்டையில் உள்ளபடி முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நான் வேலை செய்யும் நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது, வாரியம்மா என்று கேட்டால்தான் தெரியும். வயது அட்டையில் அறுபத்தொன்று. அது என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் சொன்ன வயது, உண்மையில் அதற்கு மேல் இருக்கும். ஓடைக்கரையில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்மதிலை ஒட்டிய சந்தில், தகரக் கதவு போட்ட கடைசி வீட்டில் என் மகளோடும் பேத்தியோடும் குடியிருக்கிறேன். கணவர் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன்.

நகரத்துச் சாக்கடை எல்லாம் சேர்ந்து நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் பள்ளத்தில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. அதில் வந்து மாட்டும் துணி, பை, முடிக்கற்றை, பொம்மையின் கை கால் எல்லாவற்றையும் நீள வாரியால் இழுத்து மேலே போடுவது என் வேலை. கம்பியைத் தாண்டுகிற தண்ணீர் மதகு வழியாகப் பெரிய கிணற்றில் விழும், அங்கிருந்து மோட்டார் அதைத் தொட்டிகளுக்கு ஏற்றும், சுத்தமான பிறகு ஓடையில் விடுவார்கள். நான் கையுறை கேட்டபோது மேனேஜர், "நீ என்ன ஆபரேஷனா பண்ணப் போற?" என்றார். இது இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று எழுதுகிற தம்பி சொன்னார். இருந்தாலும் எழுதச் சொன்னேன்.

நீங்கள் இப்போது பிடித்து வைத்திருக்கும் மதகுக்காரன் எனக்கு மருமகனாக இருந்தவன். பேத்திக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் வீட்டை விட்டுப் போனான். போகும்போது கொடியில் காய்ந்த துணிகளில் தன் சட்டைகளை மட்டும் உருவிக்கொண்டு, குழந்தையின் பாவாடைகளைச் சேற்றில் விழவிட்டுப் போனான். நான்தான் அவற்றைப் பொறுக்கி மறுபடி அலசினேன். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. ஒரே மதிலுக்குள் வேலை என்றாலும் அவன் வரும் வழியில் நான் போவதில்லை.

இறந்துபோனவனை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவோம். கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரின் வாயில் அடைத்த துணிகளை எடுப்பது அவன் வேலை. அவன் என் மகளைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. பேத்தி அவனை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள், அவனும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

கிணற்றில் இறங்குகிறவர்கள் எங்களிடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இறங்கும் ஆள் தன் செருப்பைக் கிணற்றின் வாயோரம், முன்பக்கம் கிணற்றைப் பார்த்து இருக்கும்படி கழற்றி விட வேண்டும். செருப்பு அங்கே கிடக்கிறவரை மதகை யாரும் தொட மாட்டார்கள். மேலே வந்தவன் தன் செருப்பைத் தானே எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்தவர் கை அதில் படக்கூடாது. மதகுக்காரன் திறப்பதற்கு முன் வந்து வாயைப் பார்ப்பான், செருப்பு இல்லை என்றால் ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திறப்பான். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். அப்படி ஒரு வழக்கமே கிடையாது, கிணற்றில் ஆள் இறங்குவதே கிடையாது என்று மேனேஜர் உங்களிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது பொய். மோட்டார்க்காரரும் அதையே சொல்லியிருக்கிறார். அவர் முதலாளி தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள்.

சம்பவத்துக்கு முந்தின நாள் நடந்த சண்டை பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். சண்டை நடந்தது உண்மை. டீ குடிக்கும் இடத்தில் மதகுக்காரன் நெட்டையிடம், "உன் உசரத்துக்கு அந்த வீட்டு வாசப்படி தலையில இடிக்கும்டா" என்றான். அதற்கு நெட்டை, "குனிஞ்சு போய்க்கிறேன். குனியத் தெரியாம ஓடினவன் நீதானே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மதகுக்காரன் டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டு, "இதுக்கு நீ அனுபவிப்படா" என்று சொல்லிவிட்டுப் போனான். இதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

சம்பவ நாளன்று நிலையத்தைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வருவதாக இருந்ததால் காலையிலிருந்தே நடைபாதைக்கு வெள்ளைக்கோடு போட்டு, பூந்தொட்டிகளை இறக்கி, அலுவலக வாசலில் செருப்பு வைக்கப் புதிதாக ஒரு ஸ்டாண்டு வைத்தார்கள். அதே காலையில் மோட்டார் வாயில் துணி அடைத்துக்கொண்டதால் மதகை மூடி மோட்டாரை நிறுத்திவிட்டு நெட்டையைக் கிணற்றில் இறங்கச் சொன்னார்கள். அவன் காதையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, செருப்பை வாயோரம் விட்டுவிட்டு இரும்பு ஏணி வழியாக இறங்கியதை நான் பார்த்தேன். அவன் செருப்பு இன்னொருவர் செருப்போடு மாறவே மாறாது. அவ்வளவு பெரிய பாதம். வாரை என் மகள் பச்சை நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். இறங்கும்போது, "வாரியம்மா, என் படகைப் பார்த்துக்கங்க" என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது. அதன் பிறகு மேலே நின்று கயிறு பிடிக்கிற ஆளை மேனேஜர் பூந்தொட்டி தூக்கக் கூப்பிட்டுக்கொண்டார். நானும் கம்பித் தடுப்புக்குப் போய்விட்டேன். மதகு மூடியிருந்ததால் கம்பிக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் கிணற்றுப் பக்கமிருந்து வந்தார். கையில் படாமல் இருக்கக் குடையின் நுனியில் ஒரு ஜோடிச் செருப்பை மாட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பள்ளத்தின் ஓரமாகப் போனபோது பச்சை நூல் எனக்குத் தெரிந்தது. நான் கீழே இருந்து, "சார், அது கெணத்துச் செருப்பு, அங்கேயே கிடக்கட்டும்" என்றேன். அவர் நிற்காமல், "ஆள் இல்லாத செருப்பு அங்க எதுக்கும்மா? பார்க்க வர்றவங்க செருப்புக்கடைன்னு நினைக்கவா?" என்றார். நான் மறுபடி, "உள்ள ஆள் இருக்குது சார்" என்று கத்தினேன். அவர் கையை மட்டும் ஆட்டினார். கேட்டுவிட்டது என்று ஆட்டினாரா, போ என்று ஆட்டினாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அதன் பிறகு நான் வாரியைப் போட்டுவிட்டுப் படியேற ஆரம்பித்தேன். என் முழங்கால் கேட்கிற வேகத்தில்தான் ஏற முடியும். அப்போது மேனேஜர் அலுவலக வாசலில் நின்று, "தண்ணி ஓடுறதைக் காட்டணும், தொறப்பா" என்று சத்தம் போட்டார். என் தலை தரைமட்டத்துக்கு வரும் அளவு ஏறியபோது மதகுக்காரன் கிணற்றின் வாய்க்கு வந்ததைப் பார்த்தேன். அவன் வாயைச் சுற்றி வந்து பார்த்தான், குனிந்து, "கீழ யாரு?" என்று குரல் கொடுத்தான், கொஞ்சம் நின்றான். கீழே காதைக் கட்டிக்கொண்டு மோட்டார் வாய்க்குள் தலையை விட்டிருந்தவனுக்கு அது கேட்டிருக்காது. நான், "தொறக்காதே" என்று கத்தினேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. நான் அவனைக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, என் குரல் தனக்காக இருக்கும் என்று அவன் எண்ணியிருக்க மாட்டான். சக்கரத்தைத் திருப்பினான்.

எனக்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் இறங்கினால் வாரி லேசாக வரும், அதனால் எனக்கு எப்போதும் பிடித்த சத்தம் அது. அதன் பிறகு ஏணியில் இரும்பால் தட்டும் சத்தம் கேட்டது. வாளி வேண்டும் என்றால் தட்டுவதைப் போல நிதானமாக இல்லை. மதகுக்காரன் என்னைப் பார்த்து, "அத்தை, செருப்பு இல்லையே? நான் பார்த்தேனே அத்தை?" என்றான். அப்படிச் சொல்லிக்கொண்டே சக்கரத்தைத் திருப்பி மூடினான். பாதியில் அது இறுகிவிட்டது. அவன் அதில் தொங்கினான், இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்துபோனது, அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மதகு முழுதாக மூடுவதற்கு முன்பே தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அவன் கிணற்றில் குதிக்கப் போனான், பூந்தொட்டி தூக்கினவர்கள் பிடித்து இழுத்தார்கள். அந்த நேரத்தில் மேனேஜர் வந்தவர்களை வாசலில் நிறுத்தி, "குழாயில காத்து அடைச்சா இப்படித்தான் சத்தம் வரும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நெட்டையை வெளியே எடுத்தபோது அவன் வலது கை ஏணிப்படியைப் பிடித்தபடி மடங்கியிருந்தது, விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அவன் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில், மற்றவர்கள் செருப்போடு வரிசையாக இருந்தது. இன்றும் அங்கேயே இருக்கிறது. நீங்களும் அதைக் கைப்பற்றவில்லை. கூட்டுகிறவள் அதை விட்டுவிட்டுச் சுற்றித் துடைக்கிறாள்.

அதன் பிறகும் நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மதகில் இப்போது வேறு ஆள். தினமும் மதகு திறந்து தண்ணீர் இறங்கும்போது ஏணியில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது. நான் வாரியைப் போட்டுவிட்டு மேலே ஏறிக் கிணற்றின் வாயைப் போய்ப் பார்க்கிறேன், ஒன்றும் இருக்காது, இறங்கி வருகிறேன். மோட்டார்க்காரர், "கிழவிக்குக் காதுல கோளாறு" என்கிறார். இருக்கலாம். ஆனால் புதிய மதகுக்காரனும் திறந்த கையோடு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்க்கிறேன். இப்போது இறங்குகிறவர்கள் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மதகுக்காரன் பகையை மனதில் வைத்துத் திறந்தானா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். அவன் பார்த்தான், குரல் கொடுத்தான், செருப்பு இல்லாததால் திறந்தான். செருப்பை எடுத்தவர் மேனேஜர். ஆள் உள்ளே இருப்பதைச் சொன்ன பிறகும் திறக்கச் சொன்னவர் அவர். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மதகுக்காரன் மேல் எனக்கு இரக்கம் எதுவும் கிடையாது. என் வீட்டில் செய்ததற்கு அவன் ஆயுசு முழுக்க உள்ளே கிடந்தாலும் நான் ஒரு வாய் தண்ணீர் கொண்டுபோக மாட்டேன். ஆனால் இதை அவன் செய்யவில்லை.

எழுதியதைத் தம்பி படித்துக் காட்டினார். கிணற்று வாயில் இருந்த 'உடைமைகள்' என்று எழுதியிருந்ததைச் 'செருப்பு' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்.

என் மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு முடிவுதான். "அவன்தாம்மா கொன்னான். நீ அப்படித்தான் சொல்லணும். இல்லைன்னா நான் உன்கூட இருக்கமாட்டேன்" என்று காலையில்கூடச் சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்தாள். வரும்போது ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே என்ன சொன்னேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. இங்கிருந்து யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்றும், வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது அத்தனையும் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எந்தச் சபையில் நிறுத்திக் கேட்டாலும் இதையே சொல்வேன்.

(கையெழுத்து)

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, எழுதப்பட்டு, படித்துக் காட்டப்பட்டது.