ஒரு வீட்டில் இரண்டு கை

ஜதுர்ஷிகா அக்கா, நாளை இரங்கல் கூட்டத்தில் பேசுபவர்களை நீங்கள்தான் அழைக்கிறீர்கள். என் பெயரைக் கூப்பிடும்வரை இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அப்பா பார்த்தால் என்னை மேடையேற விடமாட்டார். பேச்சு இதுதான்.

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபைச் செயலாளரான என் அப்பா அவர்களே, பாலேந்திரா அங்கிள் அவர்களே, மோர்டன் தமிழ்ச் சபையின் அன்பு உள்ளங்களே, வணக்கம்.

நம் சபையின் முதல் பெண் மூப்பர், திருமதி மெற்றில்டா பாலேந்திரா மறைந்துவிட்டார். அந்தக் கை இனி எழும்பாது. எந்தக் கை என்று உங்களில் யாருக்குத் தெரியாது?

அந்நாளில் சபைக் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு கைதான். குடும்பத்தலைவர் உயர்த்துவார், மற்றவர்கள் கையை மடியில் வைத்திருப்பார்கள். சைவப் பிள்ளைகளின் தேவார வகுப்பு நடந்த அறைக்குள் குழாய் வெடித்துத் தண்ணீர் புகுந்தது. நம் மண்டபத்தைக் கொடுக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். வேண்டாம் என்று பாலேந்திரா அங்கிள் கை உயர்த்தினார். கொடுக்கலாம் என்று, அவருக்குப் பக்கத்திலேயே அவர் மனைவி மெற்றில்டா அன்ரியின் கை உயர்ந்தது!

எண்ணிக்கொண்டிருந்த அப்பா நின்றுவிட்டார். "உங்கடை வீட்டுக் கை எண்ணியாச்சுது அக்கா. இறக்குங்கோ."

"அது அவற்றை மனச்சாட்சி, தம்பி. இது என்ரை. கடவுள் எங்களை வீடு வீடாய் விசாரிக்கமாட்டார்."

அங்கிள்தான் மெல்லச் சொன்னார். "எண்ணிவிடும் ஐசே. எனக்குப் பின்னேரம் வீட்டிலை தேத்தண்ணி வேணும்."

சபையே சிரித்தது. ஒரே ஒரு வாக்கால் மண்டபம் திறந்தது! அன்றுமுதல் ஆளுக்கு ஒரு கை.

அன்பர்களே, அன்ரி புதிதாக எதையும் கேட்டாரா? வேதத்தை அவரவர் கண்ணால் வாசிக்கலாம் என்றுதானே சீர்திருத்தச் சபைகள் பிறந்தன? அரசர் சொன்னபடி ஆராதிக்க மறுத்தவர்கள் இதே லண்டனில் சிறையில் கிடந்தார்கள். அவர்கள் கேட்ட மனச்சாட்சிச் சுதந்திரம்தானே பேச்சுரிமைக்கும் வாக்குரிமைக்கும் வழிதிறந்தது? அந்த வழியால்தானே அகதிகளாக வந்த நாமும் இங்கே பயமின்றிக் கூடியிருக்கிறோம்?

இப்போது மறுபடி வீட்டுக்கு ஒரு கை போதும் என்று, வரும் ஞாயிறு தீர்மானம் வருகிறது. கொண்டுவருபவர் என் அப்பா. சச்சரவு குறையும் என்று உண்மையாகவே நம்புகிறார். அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் எனக்குப் பதினாறு வயதாகிவிட்டது. நானும் முழு உறுப்பினர்.

மெற்றில்டா அன்ரி, உங்கள் பணியைத் தொடர்வேன் என்று இந்தச் சபைமுன் உறுதி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கை உயரும். அதற்கு எதிராக, அவர் பக்கத்திலிருந்தே என் கையும் உயரும். அது இறங்காது. அதை எண்ண வேண்டியவரும் அப்பாதான். அவர்…

அக்கா, அப்பா என் அறைக் கதவைத் தட்டுகிறார். இப்படியே அனுப்பிவிடுகிறேன்.