சிஸ்டர் காஸிமிராவுக்கு வந்த அழைப்பு

“ஹலோ... லோவெலா? நான் சிஸ்டர் யூனிஸ்... ஆமா, மடத்துலேருந்துதான்... வாயில என்னத்த வெச்சிருக்க? முழுங்கிட்டுப் பேசு, நான் இருக்கேன்.”

மடத்தின் பொருளாளரான யூனிஸ், இறந்துபோன காஸிமிராவின் அறையில், அவருடைய தொலைபேசியையே காதில் வைத்தபடி நின்றிருந்தார். கட்டிலில் விரிப்பு கிடையாது. ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

“ஆச்சா? சரி, கேளு. எண்ணெய்க் கம்பெனிப் பங்கையெல்லாம் வித்துட்டேன்னு சொன்னியே, நெசமாவே வித்தியா?... ஆமா, ஆமா, பணம் வந்துச்சு, பார்த்தேன்... நீ பொய் சொன்னேன்னு யாருடா சொன்னா? நீ எங்க பூசையில மணி அடிச்ச காலத்துலேருந்து உன்னைத் தெரியும். ஆனா வித்தது உண்மைன்னா, அந்தக் கம்பெனி எதுக்குக் காஸிமிராவைக் கூப்பிடுது?”

...

“அதே காஸிமிராதான். தவக்காலத்துல புதைச்சோமே, நீகூட மழையில நனைஞ்சுட்டு நின்னியே... மூணு நாளா இங்க போன் அடிக்குது. எடுத்தா ஒரு பொண்ணு. தேன் மாதிரி குரல். ‘சிஸ்டர் காஸிமிரா வோலன்ஸ்கி இருக்காங்களா, கம்பெனிக் கூட்டத்துக்கு இன்னும் ஓட்டுப் போடலையே’ங்குறா. ‘அவங்க இல்லம்மா’ன்னேன். ‘எப்ப வருவாங்க?’ங்குறா. நான் என்னத்தச் சொல்ல?... சிரிக்காத! பக்கத்து ரூம் சிஸ்டர் ஒட்டிலியா, எல்லாத்தையும் மறந்துபோற வயசு, நேத்து சுவரைத் தட்டி, ‘காஸிமிராவை எடுக்கச் சொல்லு, எவ்வளவு நேரமா அடிக்குது’ங்குறா. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு.”

லோவெல் பிட்ஸ்பர்கில் மடத்தின் முதலீடுகளைப் பார்த்துக்கொள்பவன். அவன் என்னவோ சமாதானம் சொன்னான். யூனிஸ் கேட்டுக்கொண்டாரே தவிர, மனம் அதில் இல்லை. ஹார்மன்ஸ் ரன் என்ற ஊரில், அந்தக் கம்பெனி மூடாமல் விட்டுப்போன பழைய எண்ணெய்க் கிணறு ஒன்றிலிருந்து வாயு கசிந்து ஒரு வீட்டின் சமையலறை வெடித்தது. தாயும் மகனும் இறந்துபோனார்கள். அதற்குப் பின் ஒவ்வொரு வருடமும் காஸிமிரா பங்குதாரர் கூட்டத்துக்குப் போவார். கொடுத்த இரண்டு நிமிடத்தில் முதலில் அந்த இரண்டு பெயர்களைச் சொல்வார். அப்புறம்தான் கேள்வி: பழைய கிணறுகளை எப்போது அடைப்பீர்கள்?

“அவ கடைசியா என்கிட்ட சொன்னது உனக்குத் தெரியாது... ‘வித்துட்டா நம்ம கை சுத்தமாயிடும் யூனிஸ், கிணறு அப்படியேதான் கிடக்கும். நேடீன் டல்லி, வயட் டல்லின்னு அந்த மண்டபத்துல இனிமே யாரு சொல்லுவா?’... இல்ல, இல்ல, வித்தது தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்லல. தண்ணியைக் கெடுக்குற தொழில்ல எங்க காசு கிடக்கக் கூடாது. எல்லா சிஸ்டரும் கை தூக்கித்தான் முடிவு பண்ணோம். ஆனா இந்த மணி அடிக்கிறப்பல்லாம் அவளே கேக்குற மாதிரி இருக்குடா. எடுத்துப் பேசவும் பயம், எடுக்காம விடவும் பயம்.”

...

“என்னது?... என்ன பட்டியல்? மெதுவா சொல்லு... ம்... ம்... பங்கு தினம் தினம் கை மாறும். அதனால கூட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே ஒரு நாளைக் குறிச்சுக்குறாங்க. அன்னைக்கு யார் கையில பங்கு இருக்கோ, அவங்க பேரை எழுதி வெச்சுக்குறாங்க... ஆமா, ஆமா, குரூப் போட்டோ மாதிரி. எடுத்து முடிச்சப்புறம் யாரு எழுந்து போனாலும் படத்துல இருப்பாங்க... இந்த வருஷம் எந்த நாளு?... மார்ச் கடைசியா? நாம வித்தது ஈஸ்டருக்கு அப்புறம்ல!”

யூனிஸின் கை நாற்காலியின் முதுகைப் பற்றியது.

“அப்ப வாங்கினவன்?... பங்கு அவன்கிட்ட, ஓட்டு எங்ககிட்டயா? ஆவி போடுற ஓட்டு மாதிரில்ல இருக்கு... சட்டத்தைக் கேக்கல லோவெல், நியாயத்தைக் கேக்குறேன்... ஓ, அது தெரிஞ்சுதான் வாங்குறானா. சரி... கிணத்தை அடைக்கணும்னு அவ வருஷா வருஷம் ஓட்டுக்குக் கொண்டுவந்த தீர்மானம் இந்த வருஷமும் இருக்கா?... வாத்தியாருங்க பென்ஷன் நிதியா கொண்டாந்திருக்கு? அவ எழுதின வாசகமேவா?... தெரியும், தெரியும், நூத்துக்கு இருபத்தஞ்சு ஓட்டு விழலேன்னா மூணு வருஷத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதைச் சொல்லிச் சொல்லியே எங்க சூப்பையெல்லாம் ஆற வெச்சவ அவ. போன தடவை மயிரிழையில தப்பிச்சுது.”

...

“கூட்டம் நாளைக்குக் காலையிலயா! அதான் அந்தப் பொண்ணு விடாம அடிக்குறாளா... என்ன சொல்ற? கம்பெனி கூலிக்கு வெச்ச ஆளா? தீர்மானத்துக்கு எதிரா போடச் சொல்லத்தான் கூப்பிடுறாளா? அடிப்பாவி! அந்தக் குரலுக்கு நான் ரெண்டு தடவை தேங்க்ஸ் வேற சொன்னேன்... சிரிச்சுக்கோ, சிரிச்சுக்கோ.”

பிறகு குரல் தணிந்தது.

“ஆனா பேரு காஸிமிரா பேருல்ல? செத்தவ எப்படி... ஓ. பங்கு மடத்தோடதா. அவ பேரு கூப்பிடுறதுக்கு மட்டும்தானா... அப்ப இன்னொண்ணு கேக்கணும். ஓட்டு சரி. உள்ள விடுவாங்களா? எழுந்து பேச விடுவாங்களா?... நிச்சயமா?... எனக்கு மைக்கைப் பிடிச்சே பழக்கமில்ல லோவெல். எப்பவும் அவதான் பேசுவா, நான் வெளிய கார்ல உக்காந்திருப்பேன்... ம்... ரெண்டு பேரு பேர்தான். அது முடியும்.”

...

“இரு, நானே ஒரு தடவை சொல்றேன், சரியான்னு பாரு. பட்டியல் எடுத்த அன்னைக்குப் பங்கு மடத்துகிட்ட இருந்துச்சு. அதனால வித்ததுக்கு அப்புறமும் இந்த வருஷத்து ஓட்டும் மடத்தோடது, கூட்டத்துல பேசுற உரிமையும் மடத்தோடது. பொருளாளர்ங்குற முறையில நான் சாயங்காலத்துக்குள்ள உனக்கு எழுதி அனுப்புறேன், ‘கிணத்தை அடைக்கணும், ஆதரவு’ன்னு. நீ ஓட்டைப் பதிஞ்சுடுவ. பட்டியல்ல நாங்க இருந்தோம்னு நீ ஒரு சீட்டு தருவ, அதைக் காட்டி நாளைக்கு நான் உள்ள போவேன். இந்த ஒரு தடவைதான், அடுத்த வருஷம் கிடையாது... ஆமா... ஆமா. சரி, வெச்சுடுறேன்.”