பசியில் வந்து பானகத்தில் போன சாமி

விழாத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் வானமாமலை அண்ணாச்சி அவர்களே, ஊர்வலம் வந்த களைப்பையும் மறந்து முன்வரிசை நிறைத்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் கையில் பூத்தட்டுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தாராவியைத் தன் கொலுவாக்கி நம்மை ஆளும் ஆத்தாளின் மக்களே! கோயில் கணக்கெழுதும் விஜயலட்சுமியின் வணக்கம்.

ஆடித் திருநாளில் அம்மனைப் பாடாமல் கணையத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று எண்ணாதீர்கள். இரண்டையும்தான் பேசப் போகிறேன்.

நம் பேராச்சியின் மகள் மாரீஸ்வரியை அறியாதவர் இங்கே யார்? பத்து வயதுப் பிஞ்சு. விரதமிருந்தால் வேர்த்துக் கொட்டும், கண் சொருகும், வாய் குழறும், உடல் ஆடும். சாமி வந்துவிட்டது என்றோம். மஞ்சள் நீர் ஊற்றினோமா? ஊற்றினோம். காலில் விழுந்தோமா? விழுந்தோம். குறி கேட்டோமா? அதையும் கேட்டோம். பானகம் கொடுத்ததும் பிள்ளை தெளிந்து, "எல்லாரும் ஏன் என்னையே பாக்கீங்க?" என்று கேட்கும்.

போன ஆடியில் பால்குடம் தூக்கியவள் தெருமுனையில் விழுந்தாள். கைகால் இழுத்தது. பல் கிட்டிக்கொண்டது, பானகம் உள்ளே இறங்கவில்லை. டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றியதும் கண் விழித்தாள்.

"முன்னாலும் வந்திருக்கா? எப்படித் தெளியும்?" என்று இந்தியில் கேட்டார் டாக்டரம்மா. பேராச்சி சொன்னாள்: "பானகம் குடுத்தா சாமி மலையேறிரும்." இதை இந்தியில் எப்படிச் சொல்ல? "தேவி சலி ஜாத்தி ஹை", தேவி போய்விடுவாள் என்றேன். சிரிக்கிறீர்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பானகத்தில் என்ன போடுவீர்கள்?" என்றார். வெல்லம் என்றேன். எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். அவர் விளக்கியது இதுதான்.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது கணையம். இன்சுலின் சுரப்பது அதுதான். அங்கே ஒரு கட்டி முளைத்து, வேண்டாத வேளையிலும் இன்சுலினைக் கொட்டினால், இரத்தத்தில் சர்க்கரை வற்றும், மூளை தவிக்கும். பிள்ளைகளுக்கு அரிதிலும் அரிதாக வருவது. அதனாலேயே வலிப்பென்றும் பேயென்றும் பெயர் மாறிப்போவது.

உறுதி செய்ய, ஆஸ்பத்திரியிலேயே பட்டினி போட்டு, சர்க்கரை இறங்கும் வேளையில் ரத்தம் எடுக்க வேண்டுமாம். பேராச்சி மகளைக் கட்டிக்கொண்டாள். "பட்டினி கெடந்துதானக்கா செத்துப் பொழைச்சா? மறுபடி விழவா?"

"விழுந்தால் எங்கள் கையில் விழட்டும்" என்றார் டாக்டரம்மா.

பேராச்சி சம்மதித்தாள். சோதனை சொன்னதை ஸ்கேன் காட்டியது: கணையத்தின் வால்பகுதியில் கொண்டைக்கடலை அளவுக் கட்டி. அறுவை செய்து எடுத்தார்கள்.

பூலோகம் அண்ணாச்சி ஏதோ கேட்கிறார். "அப்ப நாம கால்ல விழுந்ததெல்லாம் வீணா, தாயி?" ஆத்தாளை நினைத்து விழுந்தது எப்படி வீணாகும், அண்ணாச்சி? செவ்வாய் வெள்ளி விரதம் விடாதவள் நான். சாமி வரட்டும், வணங்குவோம். ஆனால் பசியில் வந்து இனிப்பில் போகிற சாமியை ஒருமுறை டாக்டரிடமும் காட்டுவோம்.

இன்று காலை, டாக்டரம்மாவின் அனுமதியோடு, பூசை முடியும்வரை மாரீஸ்வரி விரதம். பேராச்சி பார்வையை எடுக்கவே இல்லை. நான்தான் கேட்டேன்: "ஏ பிள்ள, என்ன வருது?"

"பசி வருது அத்தை. சோறு எப்ப போடுவீங்க?"

பந்தல் வாசலில் பானகம் ஊற்றிக்கொண்டிருப்பவள் அவள்தான். போகும்போது ஆளுக்கொரு தம்ளர் அவள் கையால் வாங்கிக் குடியுங்கள். பேச அழைத்த குழுவுக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் வணக்கம்.