தங்க முலாம் வேண்டாம் மாமா

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். அந்தக் கடிகாரத்தை ஜன்னலோரம் வைத்திருக்கிறீர்கள், வெயில் படுகிறது. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைத்தால் நிம்மதியாகப் பேசுவேன்.

நன்றி.

அது கால்பந்து நடுவர்களுக்கென்றே செய்த கைக்கடிகாரம். முகப்பில் நாற்பத்தைந்து நிமிடத்தை மூன்று பங்காக்கி, பங்குக்கு ஒரு வண்ணம் பூசியிருக்கிறார்கள். செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பழைய கடிகாரம் சேர்க்கிறவர்கள் எல்லோரும் கார் பந்தயக் கடிகாரம், கடலில் முக்குளிப்பவர்களின் கடிகாரம் என்று அலைகிறார்கள். இதைக் காட்டினால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானா என்று உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அதனால்தான் இதன்மேல் ஆசை. ஊரே கவனிக்காத ஒன்றை நாம் மட்டும் கவனித்துவிட்டோம் என்று ஒரு கர்வம் வரும் பாருங்கள், அது லேசில் இறங்காது. அந்தச் சிவப்புப் பங்கைப் பாருங்கள். வருடக்கணக்காக மைதானத்து வெயிலைக் குடித்துப் பழுத்த பப்பாளி நிறத்துக்கு வந்திருக்கிறது. எந்தக் கடையிலும் அந்த நிறத்தைச் செய்து தர முடியாது.

அந்த வெயிலில் நின்றவர் என் மாமனார். ஓய்வு பெற்ற நடுவர். வீட்டில் மட்டும் ஓய்வு பெறவில்லை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கையை உயர்த்துவார், இருவரும் நிறுத்திவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு முதல் தடவை சாப்பிடப் போனபோது, நான் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி வெட்கப்பட்டாள். அவள் அவருடைய கடிகாரம் கட்டிய இடது கைப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். நல்ல பெண். இதுவரை அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன மாதம் மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“மாப்பிள்ளை, இந்த வாட்ச் உங்களுக்குத்தான். நீங்க இதையே பாக்குறது எனக்குத் தெரியாதா என்ன? ஆனா பழசாக் குடுத்தா நல்லா இருக்காது. பாலிஷ் போட்டுத் தர்றேன்.”

“பாலிஷெல்லாம் எதுக்கு மாமா? இப்படியே குடுங்க, போதும்.”

மரியாதைக்கு மறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள், பாலிஷோடு முகப்பையும் புதிதாக மாற்றித் தருவதாகச் சொன்னார். நான் பதறிப்போய் வேண்டவே வேண்டாம் என்றேன். இப்படியும் ஒரு அடக்கமான பிள்ளையா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரக் கடைசியில் தங்க முலாம் வரை போய்விட்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் மகளிடம் போய், “உன் புருஷனுக்கு எதுலயும் ஆசையே இல்லம்மா” என்றாராம்.

மெருகு போடுவது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். ஓரங்களெல்லாம் மழுங்கிப்போகும். பழைய முகப்பைப் பெயர்த்துக் குப்பையில் போடுவார்கள். அதற்கப்புறம் யார் நினைத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கண்ணெதிரே ஒரு கொலை நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நீங்கள் போலீஸ்காரர், உங்களுக்குப் புரியும்.

பேசாமல் திருடியிருக்கலாமே என்று கேட்டீர்கள். திருடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

முலாம் போட மாமா என்னைக் கூட்டிப்போன கடை ஐந்தாவது மாடியில். மாமாவுக்கு நெஞ்சு பலவீனம். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கிளம்புவதற்கு முன் அதை எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். கட்டிட வாசலில், “லிஃப்ட் ஓடலை மாமா, மெதுவா ஏறிடலாமா?” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

“ஓடின காலு மாப்பிள்ளை இது” என்று எனக்கு முன்னால் ஏறினார்.

நான்காவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. வலது கையால் சட்டைப் பையைத் துழாவினார். இடது கை சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. கடிகாரக் கண்ணாடி என்ன ஆவது? முதல் வேலையாகக் கடிகாரத்தைக் கழற்றினேன். அவருக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பட்டையை அவிழ்ப்பதாக நினைத்தார் போலிருக்கிறது, நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வை எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

“கடையை மூடிடுவாங்க” என்றார். “நீங்க போய்க் குடுத்துட்டு வாங்க. முலாம்... நல்லதாப் போடச் சொல்லுங்க.”

அந்த நிலைமையிலும் பிடிவாதம். எனக்கு மிச்சமிருந்த தயக்கமும் அதோடு போயிற்று. கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தனியாக விட்டுவிட்டுப் போக நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. மாத்திரையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அசைவு நின்ற பிறகு ஆள் கூப்பிடப் போனேன். அதற்கு லிஃப்டில் இறங்கினேன்.

மாத்திரை அட்டையை வழியில் எங்காவது வீசியிருக்கலாமே என்று உங்கள் கான்ஸ்டபிள்கூடச் சிரித்தார். மனம் வரவில்லை. பழைய கடிகாரத்தோடு அதைக் கட்டியிருந்தவரின் பொருள் ஏதாவது சேர்ந்திருந்தால், சேகரிக்கிற எங்களுக்குள் அதற்குத் தனி மதிப்பு. அதனால் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தேன். உங்களுக்கும் தேடுகிற சிரமம் இல்லாமல் போயிற்று.

ஆமாம், நான்தான் செய்தேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வார்த்தைக்காக உங்களோடு மல்லுக்கட்டப் போவதில்லை.

என் மனைவி வெளியே அழுதுகொண்டிருப்பது இங்கே வரை கேட்கிறது. பாவம், அவளிடம் யாரும் ஒழுங்காக எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று போய்ச் சொல்லுங்கள். அழுகையை நிறுத்திவிடுவாள்.