தள்ளினானா, தள்ளி நிற்கச் சொன்னானா?

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, எங்கள் ஆரவாரத்தையும் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியவர் அரியரத்தினம் ஐயா அவர்களே! மதம் பாராமல் மண்டபம் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே! இந்த மொன்றியல் மாநகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேசிலிருந்தும் சென்ட் லோரன்டிலிருந்தும் பனியை உழுதுகொண்டு வந்து சேர்ந்த சான்றோர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைச் செல்வங்களைச் சுமந்து வந்திருக்கும் என் தாய்மார்களே! பின்சுவரில் சாய்ந்து நிற்கும் இளங்காளைகளே! உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

என்ன? பின்னுக்குக் கேக்கேல்லையோ? கவலை வேண்டாம். மட்டக்களப்பான் குரலுக்கு ஒலிவாங்கி ஓர் அலங்காரம்தான்!

அன்பர்களே, இன்று நாம் ஒரு தீர்ப்பைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம். தீர்ப்பைக் கொண்டாடுவார் உண்டோ என்று கேட்பீர்கள். உண்டு! அதோ முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கிறாரே எமிலியானுஸ், அவரைக் கேளுங்கள். அவர் அருகே தலை நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாரே அவர் துணைவி அக்னெஸ், அவரைக் கேளுங்கள்!

மன்னாரிலிருந்து அகதியாய் வந்தவர் எமிலியானுஸ். சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. வில்லரேயில், வீட்டுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு ஏறும் ஒரு மேல்மாடியில் குடியிருப்பு. எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். படியெல்லாம் கண்ணாடி போலப் பனி உறைந்து கிடந்தது. எமிலியானுஸ் மேலே நின்று உப்புத் தூவிக்கொண்டிருந்தார். கீழ்வீட்டில் குடியிருந்த கியூபெக்காரப் பெரியவர் ஏதோ முறையிட விறுவிறுவென்று படியேறி வந்தார். இருவருக்கும் முன்பே சத்தம் கித்தம் என்று சிறு மனத்தாங்கல் இருந்தது. வருகிறவர் வழுக்கி விழப்போகிறாரே என்ற பதற்றத்தில் நம்மவர் இரு கைகளையும் உயர்த்தித் தமிழில் கத்தினார். பதறும்போது வாயில் வருவது எந்த மொழி? படித்த மொழியா, பால் குடித்த மொழியா?

பெரியவர் வெருண்டார். பின்னால் கால் வைத்தார். வழுக்கினார். விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எமிலியானுஸ் ஓடி இறங்கித் தன் குளிர்க்கோட்டைக் கழற்றி அவரைப் போர்த்திவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை பனியில் சட்டையோடு நின்றார். அம்புலன்சுக்குப் பின்னாலேயே பொலிசும் வந்தது. போர்த்திய கைக்கு விலங்கு பூட்டினார்கள்.

வழக்கு நடந்தது. “என் முன்னால் அவன் கை உயர்ந்தது. பிறகு நான் கீழே கிடந்தேன்” என்றார் பெரியவர். அவ்வளவுதான் அவர் சொன்னது. அடுத்து எமிலியானுஸ் கூண்டில் ஏறினார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “நான் தள்ளுங்கோ, தள்ளுங்கோ எண்டு கத்தினனான். கையாலையும் காட்டினனான்.”

ஐயா, உங்களுக்கு விளங்குகிறது. அம்மா, உங்களுக்கு விளங்குகிறது. திருவிழாக் கூட்டத்தில் “கொஞ்சம் தள்ளுங்கோ பிள்ளையள்” என்றால் ஒருவரையொருவர் பிடித்து விழுத்துவோமா? ஒதுங்கி நிற்போம். ஆனால் மொழிபெயர்க்க வந்தவர், பிரெஞ்சு பேசும் தேசமொன்றில் பிறந்து, பேச்சுக்குக் கொஞ்சம் தமிழ் பழகியவர். அவரை நான் ஏச மாட்டேன். கிடைத்த ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் பிரெஞ்சில் சொன்னது இது: “நான் கத்திக்கொண்டு தள்ளினேன், தள்ளினேன். கையாலே தள்ளினேன்.”

குற்றவாளி! ஒன்றரை ஆண்டு சிறை மறியல்! அகதி மனுவின் தலைக்கு மேலும் கத்தி தொங்கியது.

தண்டனை வாசித்த அன்று மட்டும் பார்வையாளர் வாங்குப் பலகையில் ஒரு பெண் இருந்தார். திருகோணமலைக் கனகமணி அக்கா. இங்கே வந்து பிரெஞ்சு வகுப்பில் பழியாய்க் கிடந்து படித்தவர். அக்னெசுக்குத் துணையாகப் போனவர், நீதிபதி தண்டனை வாசிக்கும்போது ஒரு சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டார். வெளியே வந்ததும் அக்னெசின் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, உன்ரை மனுசன் தான் தள்ளினது எண்டு ஒத்துக்கொண்டவரோ?”

“இல்லை அக்கா! தள்ளி நில்லுங்கோ எண்டு சொன்னதைத்தானே சொன்னவர்!”

“அப்ப ஏன் நீதவான், அவரே தன்ரை வாயால ஒத்துக்கொண்டவர் எண்டு சொல்லுறார்?”

அந்தக் கேள்விதான் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது, தோழர்களே!

சட்ட உதவிச் சட்டத்தரணி அம்மையார் மனுப் போட்டார். வழக்கு எடுபட மாதங்கள் ஆகுமென்றார்கள். அதற்கிடையில் அரச தரப்பிலிருந்து ஒரு தூது வந்தது: குற்றத்தை ஏற்றுக்கொள், தண்டனையை மட்டும் குறைக்கக் கேள், நாங்கள் எதிர்க்க மாட்டோம், இருந்த மறியல் போதுமென்று வீடு போகலாம். இனிப்புத் தடவிய தூது! சிறையில் கண்ணாடிக்கு இப்பால் அக்னெஸ், அப்பால் எமிலியானுஸ்.

“அக்னெஸ், ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறனே? நீ தனிய எவ்வளவு நாளைக்குத்தான் தையல் பக்டரியும் வீடுமா அலையிறது?”

அக்னெஸ் அழுதார். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்:

“நீங்கள் வாறதெண்டால் எனக்கு உயிர் வந்த மாதிரி. ஆனா ஒரு கிழவனைத் தள்ளி விழுத்தினவன் எண்ட பேரோட வராதேங்கோ. நான் சமாளிப்பன். உங்களால ஏலுமோ?”

“ஏலும்” என்றார் எமிலியானுஸ்.

கை தட்டுங்கள்! அதற்குத் தட்டாத கை எதற்கு?

மேன்முறையீட்டில் மூன்று நீதியரசர்கள். பழைய விசாரணையின் ஒலிநாடாவை அவையில் ஒலிக்க விட்டார்கள். அந்தப் பெரிய மண்டபத்தில் நம் எமிலியானுசின் மன்னார்த் தமிழ் முழங்கியது! சத்தியம் செய்த புதிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொல்லுக்குச் சொல் விளக்கினார். ஒரு நீதியரசர் புருவத்தை உயர்த்தினார். “ஒரே சொல்லுக்கு ஒதுங்கு என்றும் பொருள், பிடித்துத் தள்ளு என்றும் பொருளா? நம்பும்படி இல்லையே?”

சட்டத்தரணி அம்மையார் நிதானமாகக் கேட்டார்: “மாண்புமிகு நீதியரசரே, சிறு வயதில் வாங்கில் இடம் வேண்டுமென்றால் தம்பியிடம் என்ன சொல்வீர்கள்?”

நீதியரசர் வாய் திறந்தார்: “பூஸ்-துவா...” அப்படியே நிறுத்தினார்.

அதோ பிள்ளைகள் சிரிக்கிறார்கள்! பள்ளிக்கூடத்தில் தினமும் கேட்கிறார்கள் அல்லவா? அந்தச் சொல்லின் வேர் என்ன? தள்ளு! பொருள் என்ன? ஒதுங்கு! தமிழில் உள்ள அதே இரட்டை முகம் பிரெஞ்சிலும் இருந்தது, அன்பர்களே! நீதியரசரும் சிரித்துவிட்டார் என்று அன்று அவையில் இருந்த கனகமணி அக்கா சொல்கிறார்.

தீர்ப்பு வந்தது. விளங்காத மொழியில் விசாரிக்கப்படுகிறவனுக்கு மொழிபெயர்ப்பாளரின் துணை உரிமை என்று இந்நாட்டுச் சாசனம் சொல்கிறது. அந்த உரிமை பெயரளவில் கொடுக்கப்பட்டால் கொடுக்கப்படாதது போலத்தான் என்றார்கள். குற்றத்தீர்ப்பு ரத்து! மறுவிசாரணை!

மறுவிசாரணைக்குக் கைத்தடி ஊன்றி வந்தார் கீழ்வீட்டுப் பெரியவர். “அவர் கை உங்கள்மேல் பட்டதா?” என்று இம்முறை நேராகக் கேட்டார்கள். “இல்லை. என்மேல் பட்டது அவருடைய கோட்டு மட்டும்தான்” என்றார். பெருந்தன்மை எந்த மொழியில் பேசினாலும் நமக்கு விளங்கும்! அரச தரப்பு வழக்கைக் கைவிட்டு அமர்ந்தது. எமிலியானுஸ் விடுதலையாகி நடந்து வந்தார்.

என் உறவுகளே, நாம் நாடிழந்து வந்தோம், வீடிழந்து வந்தோம். ஆனால் வாயிழந்தா வந்தோம்? விளங்காத கேள்விக்குத் தலையாட்டாதீர்கள். “எனக்கு விளங்கவில்லை, மறுபடி கேளுங்கள்” என்று சொல்லுங்கள். அது வெட்கமல்ல, சட்டம்! பண்டகசாலையில் பெட்டி தூக்கியவர் கேட்டார், மூன்று நீதியரசர்கள் செவி சாய்த்தார்கள். தையல் இயந்திரத்தின் முன் குனிந்த ஒரு பெண், செய்யாத குற்றத்தின் முன் குனிய மறுத்தார். அந்தப் பெண் எங்கள் பெண் என்று மொன்றியல் மாநகரம் கேட்கச் சொல்வேன்!

அக்னெஸ், எழுந்து நில்லம்மா. எமிலியானுஸ், நீங்களும் எழும்புங்கோ. சபையோரே, இவர்களை நன்றாகப் பாருங்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் அந்தக் கூண்டில் நிற்க நேர்ந்தால், இவர்கள் பெற்ற தீர்ப்பு உங்களோடு வந்து நிற்கும்.

வாய்ப்புத் தந்த தலைவருக்கும், பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், தேநீர் ஆறுவது தெரிந்தும் அசையாமல் இருந்த தாய்மார்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!